கல்லுக்குப் பூச்சியம்

இல்ல சேர், நான் தண்ணிக்குள்ள இருந்து ஏறமாட்டன். முதல்ல அந்த மண் தோண்டுற பெக்கோ மெஷினை ஓஃப் பண்ணச் சொல்லுங்க. மக்கீன் நானா! கையை எடுங்க அந்த லீவரில இருந்து. நான் இந்தக் கண்டல் மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். இதைப் புடுங்கினா நானும் சேர்ந்துதான் வருவன்.

ஆ, இப்ப காது கேக்குது.

தங்கச்சி, தங்கச்சியெண்டு கூப்பிட வேணாம். என்ட பேர் யூஜினா. இந்த ஊர்ப் பிள்ளைதான். என்ன சொன்னனீங்க, செத்துப்போன கரையா? ஆர் சொன்னது? ரிப்போர்ட்டா? நானும் பாத்தனான் சேர் அந்த ரிப்போர்ட்டை. கம்பஸில எங்களுக்கும் இதைத்தான் படிப்பிக்கினம். ஆத்தில உயிரினம் வாழ இடமிருக்கோ எண்டு பாத்துப் புள்ளி போடுறது. கரை எப்பிடி, நிழல் விழுதோ, அடியில என்ன கிடக்கு, தண்ணி எப்பிடி ஓடுது எண்டு. நல்ல வேலைதான், நான் அதைக் குறை சொல்லேல்ல. ஆனா உங்கட கம்பனி ஆக்கள் என்ன செய்தவை? நுவரெலியாப் பக்கம் மலையால இறங்கிற ஓடைக்குப் போடுற கணக்கை மட்டக்குளிக்குக் கொண்டு வந்திருக்கினம். அடியில கல்லு இருக்கோ? இல்லை, பூச்சியம். நுரை தள்ளி ஓடுதோ? இல்லை, அதுக்கும் பூச்சியம். களனி ஆறு கடலோட சேர்ற இடத்தில கல்லைத் தேடினா எப்பிடி சேர்? கொட்டாஞ்சேனைச் சந்தியில நிண்டு, ஏனப்பா இஞ்ச தேயிலை வளரேல்ல எண்டு கேக்கிற மாதிரியெல்லோ இருக்கு.

சிரிக்காதீங்க. நான் பகிடிக்குச் சொல்லேல்ல. கல்லு இல்லையெண்டு பூச்சியம் போட்டவை, அந்தப் பூச்சியத்தைக் காட்டி மரத்தைப் புடுங்கிப்போட்டு, லொறி லொறியாக் கல்லுக் கொட்டிச் சுவர் கட்டப்போகினம். பிறகு வந்து பாத்தா கல்லுக்கு முழுப் புள்ளி! ஏன் சேர், உங்களுக்கே வெக்கமா இல்லையா?

ஓம், சேறுதான். நாறுதுதான். அதுக்குள்ள கையை விட்டுப் பாத்தனீங்களா? உங்கட சப்பாத்துக் கூட நனையேல்லையே. இந்த வேருக்குக் கீழ கரை உள்ளுக்குக் குடைஞ்சு போயிருக்கு. அதுக்குள்ள இறால் குஞ்சு. இப்பவும் என்ட கால்ல வந்து முட்டுது. அங்கால விழுந்து கிடக்கிற மரத்தையும் ஷொப்பிங் பேக்கையும் ஒண்டாச் சேர்த்துக் குப்பையெண்டு எழுதியிருக்கினம். தண்ணி இழுக்கேக்க மீன் ஒதுங்கிறது அந்த மரத்துக்குப் பின்னாலதான். என்ட அப்பா வலை போடுறதும் அங்கதான். அந்த இறாலை வித்துத்தான் நான் கம்பஸ் போனனான். நீங்க சுவரைக் கட்டுங்க, அவர் ஹாபரில மூட்டை தூக்கட்டும். இந்த வயசில.

மக்கீன் நானா, சத்தியமாச் சொல்லுறன், அதை ஸ்டார்ட் பண்ணினா நான் கையை விடமாட்டன்!

பொலிஸா? தாராளமாக் கூப்பிடுங்க. அவையள் வந்தா இதையே சிங்களத்தில முதல்ல இருந்து சொல்லுவன். எனக்கென்ன அவசரம்?

ஓம், மேலிடத்து ஓர்டர் எண்டு தெரியும். நீங்க வெறும் இஞ்சினியர் எண்டும் தெரியும் கிருபாகரன் சேர். ஆனா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. புள்ளி போட வந்தவை கரையில இறங்கினவையோ? இல்லையே. பாலத்தில வாகனத்தை நிப்பாட்டி, மேல நிண்டு பாத்திட்டுப் போனவை. மேல நிண்டு பாத்தா நிழல் தெரியுமோ? வேர் தெரியுமோ? இந்த வேர் எவ்வளவு தூரம் போகுதெண்டு சொல்லுறன் கேளுங்க, இஞ்ச இருந்து அந்த...

பொறுங்க. பாலத்தடியில ஒரு ஓட்டோ வந்து நிக்குது.

அந்தா, கறுப்புக் கோட்டோட சேத்துக்குள்ளால ஓடிவாறாவே, அவ செலீன் அக்கா. எங்கட லோயர். மரத்தில கை வைக்கக்கூடாதெண்டு புதுக்கடைக் கோர்ட்டில தடையுத்தரவு காலமையே குடுத்திட்டினம் சேர். நான் தண்ணிக்குள்ள இறங்க முந்தித்தான் கோல் பண்ணினவ, ஒருகொடவத்தை ரோட்டில கொன்டேனர் லொறிக்குப் பின்னால மாட்டுப்பட்டு நிக்கிறன் எண்டு. கடதாசியைக் கண்ணால காணாம நீங்க நிப்பாட்டுவீங்களா? மாட்டீங்க. அதுதான் அவ வந்து சேருமட்டும் வாய்க்கு வந்ததெல்லாம் கதைச்சனான்.

வாய்க்கு வந்தாலும் எல்லாம் உண்மைதான், என்ன.

ஒருக்காக் கையைக் குடுங்க, ஏறுவம். கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு.