அசட்டுக் கேக்

முதலில் கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா; விசாரணைக் குறிப்பை அப்புறம் எழுதலாம். இன்னும் சூடு இருக்கிறது. மேலே பழுப்புச் சர்க்கரையையும் வெண்ணெயையும் உருக்கி ஊற்றியிருக்கிறேன். எங்கள் ஓடென்ஸ் ஊரில் பிறந்தநாள் என்றால் இதுதான். ஆறினால் பல்லில் ஒட்டும். நானே சுட்டேன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

எங்கள் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் சொதப்பியவர் அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். அசட்டுக் கேக் என்று பெயர். குப்பியைக் கீழே போட்டாலும் கேக், மின்னஞ்சலை ஆள் மாற்றி அனுப்பினாலும் கேக். எங்கள் தலைவர் ஹென்னிங்கே அடிக்கடி கொண்டுவருவார். நான் மட்டும் கொண்டுவந்ததே இல்லை. கூட வேலை பார்த்த ரிக்கேவுக்கு அதில் பெரிய குறை. "டோர்கில், நீயெல்லாம் மனுசனாடா? ஒரு தடவையாச்சும் சொதப்பித் தொலையேன், உன் கையால நாங்களும் சாப்பிடுறோம்" என்பாள்.

நீங்கள் கேட்ட அந்தப் புரதத்தைக் கண்டெடுத்தவள் ரிக்கேதான். விஷயம் எளிது. ஆரோக்கியமான மார்பில் உள்ள செல்கள் சும்மா இருப்பதில்லை; தம்மைச் சுற்றிச் சில புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கும். பக்கத்துச் செல் ஏதாவது அத்துமீறி வளரப் பார்த்தால், அந்தப் புரதங்கள் வெளியிலிருந்தே அதட்டி உட்கார வைக்கும். புற்று வந்த இடத்தில் அந்த அதட்டல் நின்றுபோயிருக்கும். அதைத் திரும்பக் கொடுத்தால் கட்டி அடங்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. ரிக்கே தன் புரதத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். "உள்ள காலே வைக்காது. வாசல்ல நின்னே மொத்த வீட்டையும் ஆட்டி வைக்கும்" என்று விளக்கமும் கொடுத்தாள். அன்று சிரித்த சிரிப்பில் ஹென்னிங்குக்கு விக்கல் எடுத்துவிட்டது.

ஆனால் மாமியார் அதட்டவில்லை. கண்ணாடித் தட்டுகளில் வளர்த்த புற்றுச் செல்கள்மேல் தட்டுத் தட்டாக ஊற்றிப் பார்த்தோம். அவை தம்பாட்டுக்குப் பெருகின. ஆய்வை மூடிவிடலாம் என்றார் ஹென்னிங். ரிக்கே குளிர் அறைக்குள் போய் நின்று அழுதாள். எனக்கு வாடிய முகம் ஆகாது, அம்மா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தட்டுகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. புற்றுச் செல்லைக் கொல்லும் பழைய மருந்து ஒன்று உண்டு, எந்த மருத்துவமனையிலும் கிடைக்கும். அதில் ஒரு சீசா வாங்கி, இரண்டு சொட்டை யாருக்கும் தெரியாமல் மாமியாரோடு கலந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் கூடத்தில் திருவிழாதான். செல்கள் சுருண்டு கிடந்தன. ரிக்கே பிறந்தநாள் கேக்குக்கு வைக்கும் காகிதக் கொடியை நுண்ணோக்கியின் தலையில் செருகினாள். ஹென்னிங் வெள்ளைக் கோட்டோடு மேசைமேல் ஏறி ஆடினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு சொட்டில் இவ்வளவு மகிழ்ச்சி. யாருக்கு என்ன நஷ்டம்? அடுத்த வாரமும் கலந்தேன். பிறகு அது பழகிவிட்டது.

வசந்தத்தில் ரிக்கேவுக்கே மார்பில் கட்டி வந்தது. சின்னக் கட்டிதான். அறுத்து எடுத்து, மருந்தும் ஏற்றினால் குணமாகிவிடும் என்றார்கள் மருத்துவர்கள். ரிக்கேவுக்கு இடுப்புவரை தொங்கும் செம்பட்டை முடி.

"அந்த மருந்தை ஏத்தினா முடி கொட்டிடுமாம், டோர்கில். என் முடியில எவனையும் கை வைக்க விடமாட்டேன். நம்ம மாமியார் இருக்கறப்ப எனக்கென்ன கேடு?"

"ஹென்னிங்குக்குத் தெரிஞ்சா?"

"அவருக்கு எதுக்குச் சொல்லணும்? நீ ஊசியில ரொப்பிக் குடு, நானே குத்திக்கறேன். உண்மையைச் சொல்லுடா, வேலை செய்யும்ல?"

அப்போது அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "தட்டுல நீயே கண்ணால பாத்தியே" என்றேன். அது பொய் இல்லையே. என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவள் ஊசியில் நான் எதையும் கலக்கவில்லை. சுத்தமான புரதம், ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. நம்பி வந்த தோழியை ஏமாற்றுகிற புத்தி எனக்கில்லை. சீசாவில் இருந்தது என்ன மருந்து என்று கேட்டீர்கள். மருத்துவமனையில் ரிக்கேவுக்கு எழுதிக்கொடுத்தார்களே, அதே மருந்துதான். அது தட்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கோடை முழுக்க ஒரே குதூகலம். கட்டி சுருங்குவதாக அவளுக்குத் தோன்றியது. அவள் சொல்லக் கேட்டு எனக்கும் தோன்றியது. இலையுதிர்காலத்தில் முதுகு வலிக்கிறது என்றாள். புற்று எலும்புக்குப் போயிருந்தது. மருத்துவர்கள் கையை விரித்தார்கள். கடைசியாகப் பார்க்கப் போனபோது பின்னலைத் தூக்கிக் காட்டினாள். "பாத்தியா, ஒரு முடி கொட்டலை. மாமியார் பேச்சைக் காப்பாத்திட்டா." இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். செவிலி வந்து எங்களை அதட்டிவிட்டுப் போனாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரிக்கே பிழைத்திருப்பாளே என்று ஹென்னிங் கத்துகிறார். பிழைத்திருப்பாள்தான். அது எனக்கு அன்றே தெரியும். ஆனால் மொட்டைத் தலையோடு, தன் புரதம் வெறும் தண்ணீர் என்று தெரிந்து, குளிர் அறையில் நின்று அழுதுகொண்டு இருந்திருப்பாள். அந்த முகத்தை யார் பார்ப்பது?

தவறை ஒப்புக்கொள்கிறாயா என்று கடைசியாகக் கேட்டீர்கள். தாராளமாக. போன வாரம் அந்தச் சீசாவைச் சாப்பாட்டு அறைக் குளிர்ப்பெட்டியில் மறந்து வைத்துவிட்டேன். காப்பிக்குப் பால் தேடிய ஹென்னிங் கையில் அது அகப்பட்டுவிட்டது. இத்தனை காலத்தில் நான் சொதப்பியது அந்த ஒன்றுதான். அதற்குத்தான் இந்தக் கேக். எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, ரிக்கே இருந்திருந்தால் இரண்டாவது துண்டும் கேட்டிருப்பாள்.