பேய்ப் படம் எடுக்கிற பெண்

வேலை தேடி, தைப்பிங்கிலிருந்து கமுந்திங் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் தொழிற்சாலைச் சட்டையோடு இரண்டு பெண்கள்.

"என் வீட்டுக்காரரைப் பேச வைக்கத்தான்கா வீடியோ கடையில பேய்ப் படம் வாடகைக்கு எடுத்தேன்" என்றாள் இளையவள்.

"அவருக்கு கவ்பாய் படம்தானே பிடிக்கும்?"

"அதைப் பார்த்தா அவனுங்க மாதிரியே வாயத் தொறக்க மாட்டாரு லா. அம்மா வீட்டுக்குப் போறேன்னு சண்டையில சொல்லிட்டேன். அன்னையிலிருந்து பேச்சே இல்ல."

"பேய் பேச வச்சிருச்சா?"

"தோட்டத்து வீட்ல கக்கூஸ் வெளியதானேக்கா? படம் முடிஞ்சதும், 'டார்ச் எடுத்துக்கிட்டு கூட வா'ன்னாரு."

"அவ்வளவுதானா?"

"உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு, 'இருக்கியா, போயிட்டியா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் போகலன்னேன்."