மூன்று அடி, நாலு அடி

முஹ்ஸின் சேர், ஒரே சுரத்தை இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருப்பது பழகிவிட்டால் ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. முதல் ஐந்து நிமிடம் எரிச்சல் வரும். பிறகு கொட்டாவி வரும். அதையும் தாண்டி உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு சுரத்துக்குள்ளேயே பல சத்தம் கேட்கத் தொடங்கும். நான் சொல்லப்போவதும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள். சிங்களத்திலும் என்னால் சொல்ல முடியும். ஆனால் விசாரிக்க வந்திருப்பவர் மாவனெல்லைக்காரர், தமிழ் பேசுகிறவர் என்றார்கள். அது வசதியாகப் போயிற்று.

என் பெயர் யோகராஜ். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துப் பாடசாலையில் சங்கீத ஆசிரியர். தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த கீழ் லயத்தில் மண்சரிந்து பதினொரு பேர் இறந்த விஷயமாக என்னிடம் பொலிஸில் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். எட்டுக் காம்பரா வீடுகளின் கதவையும் தட்டினேன், யாரும் வெளியே வரவில்லை என்று அதில் இருக்கும். பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டார்கள், என் படத்தோடு. அது சரியில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

முதலில் என் இசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வயலின் படித்தவன். கர்நாடக சங்கீதம், மேல்நாட்டுச் சங்கீதம், நம் ஆட்களின் தப்பு மேளம், ரப்பர் ஷீட் உருட்டும் ரோலரின் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு இசை செய்தேன். எல்லாவற்றையும் சேர்த்தேன் என்றால் நிறைய இருக்கும் என்று நினைக்காதீர்கள். இரண்டு சுரம், ஒரு அடி, அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்ப வாசிப்பது. கேட்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். ஆளுக்கு ஒரு பக்கம்.

முதன்முதலில் கோயில் திருவிழாவில் வாசித்தேன். பதினாலாவது நிமிடத்தில், எனக்குத் தப்பு அடித்துக்கொண்டிருந்த கஜேந்திரனே குனிந்து, "சேர், பாட்டு எப்பங்க தொடங்கும்?" என்று கேட்டான். ருவான்வெல்லையிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவந்த ஸப்வான், செட் எங்கேயோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். கூட்டம் கைதட்டியது. அன்று எனக்குக் கிடைத்த கைதட்டல் அது மட்டும்தான். கொழும்பில் ஒரு தடவை வாசித்தேன். அங்கே பாராட்டினார்கள், வாயில் பெட்டீஸ் இருக்கும்போதே. இருபது வருடம் இப்படிப் போயிற்று. எனக்கு மனம் விட்டுப் போயிருந்தது.

இனிக் கீழ் லயம். இரண்டு வருடத்துக்கு முன் அதற்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, அங்கே இருக்கக்கூடாது என்று கடிதம் கொடுத்தார்கள். புது வீட்டுக்கு அத்திவாரம் மட்டும் போட்டார்கள். போக இடமில்லாமல் சனங்கள் அங்கேயே இருந்தார்கள். மழை அளவைத் தாண்டினால் ஃபோனுக்குச் செய்தி வரும், ஆனால் கீழ் லயத்தில் கவரேஜ் இல்லை. அதனால் தப்பு அடித்து எழுப்புவது என்று நானும் இருக்கும் தோட்டத்து அனர்த்தக் குழு தீர்மானித்தது. செய்தி என் ஃபோனுக்கு வரும். கஜேந்திரன் மேல் ரோட்டில் நின்று அடிப்பான். அப்படியும் வராதவர்களை எங்களில் ஒருவர் இறங்கிப் போய்க் கதவைத் தட்டிக் கூட்டிவர வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு அடி உண்டு. காலையில் வேலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிட ஒன்று, சாமிக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. அவற்றில் எதையும் இதற்கு எடுக்க முடியாது. புதிதாக ஒன்று வேண்டும் என்று குழுவின் செயலாளர் நிரோஷா என்னிடம்தான் வந்தாள். முன்பள்ளி ஆசிரியை, என்னிடம் படித்தவள். கீழ் லயத்து முதல் காம்பராவில் அம்மா மருதாயியோடு இருந்தாள். நான் மூன்று அடி, ஒரு நிறுத்தம், நாலு அடி என்று செய்து கொடுத்தேன். மறக்கவே முடியாத அடி.

ஒத்திகை நாளில் கஜேந்திரன் அதை அடித்தான். ஆறு நிமிடத்தில் முப்பத்தெட்டுப் பேர் மேலே வந்து பாடசாலை மைதானத்தில் நின்றார்கள். கைக்குழந்தைகூட அழவில்லை. எல்லோரும் அடுத்த அடிக்காகக் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். சேர், அந்த முகங்களை நான் இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். நான் செய்ததை முதன்முதலாக ஒரு சபை முழுதாகக் கேட்டது.

அந்த வருடத் திருவிழாவில் மூன்றையும் நாலையும் வைத்து, மேலே வயலினைப் போட்டு வாசித்தேன். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் கேட்பது கெட்டுப்போகும். கீழ் லயத்து ஆட்கள் அலறி எழுந்து ஓடினார்கள். மருதாயி அக்கா படியில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். நிரோஷா மறுநாள் வந்தாள்.

"சேர், அந்த அடிய வெளையாட்டுக்கு எடுக்காதீங்க. அது எங்க உசுரு."

"சரி" என்றேன். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கொப்பியில் அன்று மட்டும் முப்பது பக்கம் எழுதினேன்.

அதன்பிறகு மேடையில் வாசிக்கவில்லை. வீட்டில் தப்பையும் பதிவுசெய்து வைத்து, பின்னேரங்களில் ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்துப் போட்டேன். கீழ் லயம் வரை கேட்கும். முதல் வாரம் பாதிப் பேர் வெளியே வந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் நாலைந்து பேர். ஒரு மாதத்தில் மலைத் தண்ணீர் விழும் பீலியில் குளிக்கிற பெண்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். "சேருக்கு இன்னிக்கும் காய்ச்சல்டி" என்பார்கள். மூன்று மாதத்தில் யாரும் சிரிக்கவும் இல்லை. மழையைப்போல, ரோலரைப்போல அதுவும் ஒரு சத்தமாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. பயம் இருந்தால்தான் கேட்பார்களா என்று கோபம்.

நிரோஷா இரண்டாம் தடவை வந்தபோது உட்காரக்கூட இல்லை.

"நெசமா வந்தா நாங்க எப்புடிங்க சேர் கண்டுபிடிக்கிறது?"

"நல்லாக் கேட்டா தெரியும். என்னோடது ஸ்பீக்கர்ல வரும். கஜேந்திரன் அடிக்கிறது தோல்ல வரும்."

"அனே சேர், சமைக்கிற நேரம் யாருங்க தோலையும் ஸ்பீக்கரையும் பாத்துக்கிட்டு இருப்பா?"

அவள் போய்விட்டாள். அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. தெரியுமா, தெரியாதா? அதைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதற்கு மழை பெய்ய வேண்டும்.

ஜூன் முதல் ஞாயிறு. மூன்று நாளாக விடாத மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை, தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். பகல் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு என் ஃபோனுக்குச் செய்தி வந்தது, உடனே வெளியேறச் சொல்லி. கஜேந்திரனைக் கூப்பிட்டேன். அவன் சாக்கைப் போர்த்திக்கொண்டு ரோட்டில் நின்று அடிக்கத் தொடங்கினான். ஐந்து நிமிடம் அடித்தும் கீழே ஒரு கதவும் திறக்கவில்லை.

"சேர், யாருமே வரல்லீங்க. நான் எறங்கிப் போயி கூப்புடுறேன்."

"நீ அடிச்சிக்கிட்டே இரு. நிறுத்தாத. நான் போறேன்" என்றேன்.

இறங்கினேன். சட்டைப் பையில் ரெக்கார்டர் இருந்தது. வழியில் பீலியைப் பார்த்தேன். தண்ணீர் செம்மண்ணாகி, பிறகு நூல் போலாகி, நின்றுபோனது. அப்படி நின்றால் மலை நகரப்போகிறது என்று ஒத்திகையில் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அதனால் எனக்குத் தெரியாது என்று எழுதிவிடாதீர்கள். விழும் என்று தெரியும்.

முதல் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் குடையோடு நின்று ரெக்கார்டரைப் போட்டேன். கதவைத் தட்டவில்லை. தட்டினால் அந்தச் சத்தம் பதிவில் விழும். அதோடு, தட்டி எழுப்பினால் அவர்கள் கேட்டு வந்ததாக ஆகாது. தாங்களாகக் கேட்டு வரட்டும் என்று நின்றேன். மேலே மூன்று, நிறுத்தம், நாலு. மழையில் தோல் தளர்ந்து, அடி இன்னும் கனமாக விழுந்தது. அவ்வளவு நன்றாகக் கஜேந்திரன் ஒருநாளும் அடித்ததில்லை.

பிறகு கதவு திறந்தது. நிரோஷா. கையெல்லாம் மாவு.

"சேர், இது நெசமாவா, இல்ல ஒங்க பாட்டா?"

நான் வாயில் விரலை வைத்தேன். பேசாமல் கேள் என்ற அர்த்தத்தில்தான் வைத்தேன், வேறெதற்குமில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் குடை பிடித்து நிதானமாக நின்றேன். மலை விழப்போகிற இடத்தில் ஒருவர் இப்படி நிற்பாரா என்று அவள் நினைத்திருப்பாள். நினைத்தது நியாயம்தான். லேசாகச் சிரித்தாள்.

"சரிங்க சேர். அம்மா ரொட்டி தட்டுறா, உள்ளுக்கு வந்து சாப்புட்டுப் போங்க."

வேண்டாம் என்று தலையசைத்தேன். கதவைச் சாத்தினாள். மற்ற ஏழு கதவும் திறக்கவே இல்லை.

உள்ளே மருதாயி அக்கா "என்னாடி அது?" என்று கேட்பது பதிவில் இருக்கிறது. "ஒன்னுமில்லம்மா. சேருதான் வெளிய நிக்கிறாரு. பாட்டுதான்." அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். மருதாயி அக்கா ரொட்டி தட்டுகிற சத்தம். முதலில் அது தன் போக்கில் போகிறது. கொஞ்ச நேரத்தில் மேலிருந்து வரும் அடியோடு சேர்ந்துகொள்கிறது. மூன்று தட்டு, நிறுத்தம், நாலு தட்டு. ஒரு தடவைகூடத் தவறவில்லை. என் இசையோடு சேர்ந்து ஒருவர் கையசைத்தது அதுதான் முதல் தடவை. நான் அழுதேன் சேர். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சாரல் அடித்து ரெக்கார்டர் நனைகிற மாதிரி இருந்ததால் மேலே ஏறினேன். நான் ரோட்டை மிதித்தபோது இரண்டு மணி முப்பத்தொன்று. அப்போதுதான் மலை வந்தது. எட்டுக் காம்பராவும் போயிற்று. மூன்று குடும்பங்கள் முதல் நாள் பெல்மதுளையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் தப்பின. கடைசிக் காம்பராக்களிலிருந்து சிலரை உயிரோடு எடுத்தார்கள். முதல் காம்பராவிலிருந்து யாரையும் எடுக்கவில்லை. கீழே எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் கஜேந்திரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

தன் அடி சரியாகக் கேட்கவில்லை, அதனால்தான் பதினொரு பேர் போனார்கள் என்று அவன் இன்றைக்கும் அழுதுகொண்டு திரிகிறான். தப்பைத் தொடுவதில்லை. அவன் பேரில் எந்தப் பிழையும் இல்லை என்று தயவுசெய்து எழுதுங்கள். தாளம் கொஞ்சமும் பிசகவில்லை. பதிவைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

ரெக்கார்டரை மேசையில் வைத்திருக்கிறேன். பதினாறு நிமிடம். வழக்குக்கு வேண்டிய பேச்சை மட்டும் வெட்டி எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு முன் நீங்கள் ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள், நடுவில் நிறுத்தாமல். முதல் ஐந்து நிமிடம் எரிச்சலாக இருக்கும். கேட்டு முடித்ததும் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள் சேர். கொப்பியில் உங்களுக்கும் ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.