கொச்சுதிரேசியாவுக்குப் பொன்னாடை போர்த்தும் முன்

கடற்காற்றுக்கு முகம் கொடுத்து மூன்று மணியிலிருந்து இந்தப் பள்ளி மைதானத்தில் காத்திருக்கும் செல்லானத்துப் பெருமக்களே. விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் திரைப்படச் சங்கத் தலைவர், மதிப்பிற்குரிய ராகவக் குறுப்பு அவர்களே. வரவேற்புரையில் வார்த்தைக்கு வார்த்தை சர்க்கரை தூவிய செயலாளர் சசீந்திரன் அவர்களே. ஆசியுரை வழங்கி அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே. மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே. கயிறு திரித்த கை ஆறும் முன்னே ஓடிவந்த சகோதரிகளே. எத்தனை பேர் அழைத்தும் மேடை ஏறாமல், உங்களோடு முன்வரிசையில் மடக்கு நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்கள் கொச்சுதிரேசியா சேச்சி அவர்களே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என் பெயர் சொர்ணபாய். பிறந்தது குழித்துறை. முப்பத்தெட்டு ஆண்டுகள் மலையாளப் படங்களில் நடிகைகளுக்கு உடை உடுத்திவிட்டவள். எனக்கு மலையாளம் நன்றாக வரும். ஆனால் கோபம் தமிழில்தான் வரும். ஆகவே இன்று தமிழில் பேசப்போகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் சிரிப்பு.

எனக்கு ஏழு நிமிடம் தந்திருக்கிறார்கள். வாழ்நாள் சாதனை விருது பெறும் நடிகையை வாழ்த்திப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதை வாழ்த்த? வாழவிடாமல் செய்த வருடங்களையா? வாய் திறந்ததற்காக வாசலை அடைத்த வரலாற்றையா? மறந்துபோனதுபோல் நடிக்கும் மகா நடிகர்களையா?

முதலில் இருந்து சொல்கிறேன். இங்கே, இந்த ஊர்த் தேவாலயத் திருவிழாவில், நாடகத்தில் அரசி வேடம் கட்டினாள் ஒரு பத்தொன்பது வயதுப் பெண். தேங்காய் மட்டை அடிக்கும் கயிற்றுத் தொழிலாளியின் மகள். அதைப் பார்த்த இயக்குநர் ஒருவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்: “உனக்கு அழத் தெரியுமாம்மா?”

“காரணம் இருந்தா அழுவேன் சார்” என்றாள் இவள்.

சினிமா அவருக்குக் காரணங்களை வாரி வழங்கியது! ஒரு படத்தில் கணவன் குடிகாரன், ஒரு படத்தில் கள்வன், ஒரு படத்தில் காணாமல் போனவன். பதினேழு படங்களில் நானே இந்தக் கையால் அவருக்கு விதவையின் வெள்ளை முண்டு உடுத்தியிருக்கிறேன். ஒருநாள் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சேச்சி என்னிடம் சொன்னார்: “சொர்ணம், இந்த ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் என்னைக் கட்டிக்கிட்டாலே செத்துப்போயிடுறாங்க. எனக்கே என்மேல சந்தேகமா இருக்கு.”

அப்படிச் சிரித்துச் சிரித்து அழுதவர். அழுது அழுது ஊரைத் தன்பக்கம் இழுத்தவர். அவர் படம் வந்தால் ஆலப்புழையில் பெண்கள் கூட்டம் சாலைவரை நிற்கும்.

அப்புறம் வந்தது கைனகரியில் நடந்த படப்பிடிப்பு.

ஆற்றங்கரை. பட்டப்பகல். எண்பது பேர் வேலை செய்யும் இடம். ஆண்களுக்கு இரண்டு வீடு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பெண்கள் உடை மாற்ற என்ன கொடுத்தார்கள் தெரியுமா? நாலு மூங்கில், நாலு ஓலைத்தட்டி. கதவு என்று ஒரு பழைய படுதா. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லை என்று நாங்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டோம். தாய்மார்களே, வயலிலும் வள்ளத்திலும் வேலை செய்யும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

அந்தப் படத்தில் ஒரு புதுமுகப் பெண் நடிக்க வந்திருந்தாள். பதினெட்டு வயது. இன்று அவள் தாலுகா ஆஸ்பத்திரியில் செவிலி. தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறாள், சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளை உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தது. ஓலைத்தட்டியில் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கண். பிள்ளை அலறியது.

சேச்சிக்கு அன்று மணப்பெண் வேடம். கழுத்து நிறைய நகை, தலை நிறையப் பூ. அப்படியே ஓடினார். தட்டிக்குப் பின்னால் நின்றவன் படத்தின் தயாரிப்பு நிர்வாகி. அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு எண்பது பேர் நடுவே நிறுத்தினார்.

“ஒளிஞ்சு நின்னு பாத்தேல்ல? இப்ப எல்லாரும் உன்னைப் பாக்கட்டும்.”

“சேச்சி, சும்மா ஒரு தமாஷுக்கு...”

“தமாஷா? அப்ப சிரி. எண்பது பேரு இருக்கோம். சிரிச்சுக் காட்டுடா.”

அவன் சிரிக்கவில்லை. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் ஆற்றைப் பார்த்தார்கள், சிலர் வானத்தைப் பார்த்தார்கள். “சாயங்கால வெளிச்சம் போயிடும், சேச்சி, ஷாட்டை முடிச்சிருவோமே” என்றார் இயக்குநர். “வெளிச்சம் போகட்டும்” என்று சொல்லி நகையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளையை அணைத்துக்கொண்டு படகில் ஏறினார்.

சங்கத்தில் புகார் கொடுத்தோம். மூன்று பேர் விசாரித்தார்கள். மூன்று பேரும் ஆண்கள். சாட்சி சொல்ல நானும் போயிருந்தேன். முதல் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: “ஓட்டை எத்தனை அங்குலம் இருக்கும்?”

கேட்டீர்களா? எத்தனை அங்குலம்!

சேச்சி சொன்னார்: “அளவு நாடா கொண்டு வரலை சார். வேணும்னா அவன் கண்ணை அளந்துக்குங்க.”

இரண்டாமவர் அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்: “நீ அப்ப என்ன உடுத்தியிருந்தே?” பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. எனக்குத் தாங்கவில்லை. “உடுத்துறதுக்குத்தான் சார் அவ உள்ள போனா” என்றேன். “ஆயாம்மா பேசக்கூடாது” என்றார்.

அந்த இரண்டு பேரும் இன்று உயிரோடு இல்லை. இல்லாதவர்களை ஏசுவது எனக்குப் பழக்கமில்லை. மூன்றாமவர் வயதில் இளையவர். கேள்வி எதுவும் கேட்காமல், தலை நிமிராமல், எல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவர் இதோ இருக்கிறார். தலைவர் நாற்காலியில் இருக்கிறார்.

மணியடிக்கிறீர்களா, குறுப்பு அவர்களே? ஏழு நிமிடம் ஆகிவிட்டதா?

என்னம்மா சொல்கிறீர்கள், பின்னால் இருந்து? “பேசட்டும்” என்கிறீர்கள். நன்றி தாயே. தலைவர் கேட்டிருப்பார். மணியை மேசையில் வைத்துவிட்டார்.

பத்தாம் நாள் தீர்ப்பு வந்தது. யாருக்குத் தண்டனை? எட்டிப் பார்த்தவனுக்கா? அவனுக்கு அதே மாதம் அடுத்த படம். தண்டனை, தட்டிக்கேட்டவருக்கு! படப்பிடிப்புக்கு இடையூறு செய்தாராம், ஒழுங்கை மீறினாராம், மறு உத்தரவு வரும்வரை சங்கத்தார் யாரும் அவரை வைத்துப் படம் எடுக்கக்கூடாதாம். அந்த உத்தரவை எழுதிய கை, இன்று இந்த விழாவுக்குத் தலைமை தாங்குபவரின் கை.

பதினொரு ஆண்டுகள். நடிப்பின் உச்சியில் இருந்த ஒருத்தியின் பதினொரு ஆண்டுகள்! வழியில் பார்த்தால் வணக்கம் சொன்னவர்கள் வண்டியின் கண்ணாடியை ஏற்றினார்கள். தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவரை அழைக்கக் கூசினார்கள்.

ஒடுங்கிப் போனாரா? ஒளிந்துகொண்டாரா? “நடிக்கத்தானே கூடாதுன்னீங்க, எடுக்கக்கூடாதுன்னு எழுத மறந்துட்டீங்களே” என்று சொல்லித் தானே தயாரிப்பாளர் ஆனார். படத்தின் பெயர் ‘தொண்டு’. என் ஊரில் தொண்டு என்றால் சேவை. உங்கள் ஊரில் தேங்காய் மட்டை. மட்டையை அடித்துப் பிழைக்கும் பெண்களின் கதை. அந்தப் படத்துக்கு அவர் போட்ட முதல் செட் எது தெரியுமா? தாழ்ப்பாள் வைத்த கதவோடு, தண்ணீர்க் குழாயோடு, பெண்களுக்கு ஓர் அறை. இயக்குநராக வந்த இளைஞர் தலையைச் சொறிந்தார்.

“சேச்சி, கேமராவே இன்னும் வரலை. அதுக்குள்ள கக்கூஸா?”

“கேமரா ஒரு வாரம் காத்திருக்கும் மோனே. மனுஷி காத்திருக்க முடியாது.”

படம் முடிந்தது. ஒரு சினிமாக் கொட்டகையும் அதைத் திரையிட எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தது. சேச்சி படப்பெட்டியை ஜீப்பில் ஏற்றினார். கயிற்றுக் கூடங்களில், வாசகசாலை முற்றங்களில், இதோ இந்த மைதானத்தில், வெள்ளைத்துணி கட்டிக் காட்டினார். துணியைக் கட்டியது நான். கதையில் முதலாளி கூலியைக் குறைக்கும் இடம் வந்ததும், சேர்த்தலையில் ஒரு கிழவி எழுந்து நின்று, “இறங்கி வாடா கீழ, நான் கேக்குறேன் உன்னை” என்று திரையைப் பார்த்துக் கை நீட்டினாள். சேச்சி ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதார். அவர் காரணத்தோடு அழுததை நான் கண்ணால் கண்டது அன்றுதான்.

பிறகு காலம் மாறியது. புதிய இயக்குநர்கள் தடையைப் பொருட்படுத்தாமல் அவரை நடிக்க அழைத்தார்கள். அம்மா வேடங்கள், அருமையான வேடங்கள். சங்கம் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், பெரியோர்களே. அந்த உத்தரவைச் சங்கம் திரும்பப் பெறவே இல்லை! இன்றுவரை அது அவர்கள் அலுவலகத்தில் உயிரோடு இருக்கிறது. தடை விதித்த காகிதம் ஒரு கையில். தங்கச் சரிகைப் பொன்னாடை மறு கையில். இதற்குப் பெயர் பெருந்தன்மையா? எழுபத்தொரு வயதில் ஒரு சால்வையைப் போட்டு மூடிவிட்டால், மூடியதற்குள் இருப்பது மறைந்துவிடுமா?

இன்று காலை சேச்சி வீட்டில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டே கேட்டேன்: “விருதை வாங்கிக்கப் போறீங்களா?”

“சொர்ணம், எனக்குச் சால்வை நிறைய இருக்கு” என்றார். “நான் செஞ்சது தப்பில்லைன்னு அவங்க ஒரு வரி எழுதித் தரட்டும். அந்தப் பிள்ளை இன்னமும் தன்னாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. அவகிட்ட அதைக் காட்டணும்.”

இதுதான் எங்கள் கோரிக்கை. இரக்கம் கேட்கவில்லை. இழப்பீடு கேட்கவில்லை. குறுப்பு அவர்களே, அன்று எழுதிய கை உங்கள் கை. இன்றும் அதே கை எழுதட்டும். அந்த உத்தரவு தவறு, அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதி, கையெழுத்திட்டு, இந்த ஒலிபெருக்கியில் நீங்களே வாசியுங்கள். அதன்பின் பொன்னாடையைப் பற்றிப் பேசலாம்.

சசீந்திரன் அவர்களே, ஏன் தலைவர் காதில் கிசுகிசுக்கிறீர்கள்? செயற்குழு கூட வேண்டுமா? தடை போட அன்று எந்தக் குழு கூடியது?

அமைதி, அமைதி. யாரும் கூச்சலிட வேண்டாம். தலைவர் பையிலிருந்து பேனா எடுக்கிறார். காகிதம் வேண்டுமாம். யாராவது கொடுங்கள்... பங்குத்தந்தை தம் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தருகிறார். நன்றி ஃபாதர்.

எழுதுகிறார். அடித்துத் திருத்துகிறார். திருத்தட்டும். குறுப்பு அவர்களே, சீக்கிரம்; இந்தத் தாய்மார்கள் வீட்டுக்குப் போய் உலை வைக்கவேண்டும்...

சேச்சி முன்வரிசையிலிருந்து ஏதோ சொல்கிறார். என்ன சேச்சி?

“அவசரப்படுத்தாதே சொர்ணம். அவர் பிழையில்லாம எழுதட்டும்.”

கேட்டீர்களா, மக்களே. அவர் எழுதி முடிக்கும்வரை நாம் இங்கேயே இருப்போம். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. வணக்கம்.