காலுக்குள் பவளப்பாறை

ஆஸ்பத்திரி வாசலில் டவுன் பஸ் ஏறிய இரண்டு பேர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். வைத்திக்குப்பத்து மீனவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அக்குள்கட்டை வைத்திருந்தவர் தன் முழங்காலுக்குக் கீழே தொட்டுக் காட்டி, "இதுக்குள்ள பவளப்பாறை வச்சிருக்காங்க மாப்ள" என்றார்.

"நம்ம வலையக் கிழிக்குமே, அந்தப் பாறையா?"

"அதேதான். படகு கால் மேல ஏறி எலும்பு நொறுங்கிப் போச்சில்ல, அந்த எடத்துல பாறைத் துண்ட வச்சி, என் இடுப்பெலும்புலேர்ந்து ஊசியில உறிஞ்சின செல்லுங்கள அதுல ஊற விட்டாங்க. அந்த செல்லுதான் எலும்பா வளருது. பாறை வெறும் சாரம். வீடு கட்டும்போது மூங்கில்ல கட்டுறாங்கல்ல, அந்த மாதிரி."

"சாரத்தப் பிரிக்க மறுபடியும் காலக் கிழிப்பாங்களா?"

"தானா கரைஞ்சிடுமாம்டா."

"கரைஞ்சிட்டா நீ எதும்மேல நிப்ப?"

"என் எலும்பு மேலதான்! இன்னிக்கி எக்ஸ்ரேல பாத்தேன், வெள்ளையா சேந்துடுச்சி. மனுசன் மூளைய என்னன்னு சொல்றது! இனிமே ஊணி நடன்னுட்டாரு டாக்டரு."

"நடந்தியா?"

"எங்க? பயமா இருந்துது. ஆபரேசனுக்கு அப்புறம் தரையே தொடாத காலு மாப்ள."

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. மாப்பிள்ளை முதலில் இறங்கி இரண்டு கைகளையும் நீட்டினார். இவர் கம்பியைப் பிடித்தபடி கடைசிப் படியில் நின்றார். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார்.

"என்னப் புடிக்காதடா. கட்டையப் புடி" என்று அதை அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் காலையே முதலில் தரையில் வைத்தார்.