கொழுப்பில்லாத இருபது தமால்

இட்செல்: ஒத்திகைய திரும்ப முதல்லேருந்து ஆரம்பிப்போம். இப்ப நான் அரசாங்க வக்கீல் இல்ல, கிரிசாந்தோவோட வக்கீல். சரியா, எலோடியாம்மா?

எலோடியா: சரி. அந்த வக்கீலும் இப்படித்தான் நகத்தைக் கடிப்பாரா?

இட்செல்: ...கேள்விக்கு வாங்க. போதைக் கும்பல் தலைவன் கிரிசாந்தோ அந்த மலைவீட்டுல ஒளிஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்?

எலோடியா: வயித்தை வச்சு. என் கடையில இருபது சோளமாவுத் தமால் கேட்டு ஆள் வந்தான். பன்னிக்கொழுப்பு போடக் கூடாதாம். எங்க கொசலா ஊர்ல வயித்துப்புண்ணுக்காக அப்படித் திங்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

இட்செல்: வேற யாரும் நோயாளி...

எலோடியா: எங்க ஊர்ல சாகக் கெடக்குறவனே கொழுப்போடதான் கேப்பான்.

இட்செல்: சிரிக்காதீங்க. அமெரிக்கக் கோர்ட்டு. ஜூரிங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க.

எலோடியா: அவன் எவ்வளவு தூரத்துல உக்காந்திருப்பான்?

இட்செல்: பத்தடி. மூணாவது தடவையா கேக்குறீங்க. பயமா?

எலோடியா: பேசுனா காதுல விழும்ல?

இட்செல்: அவன்கிட்ட நீங்க பேசவே கூடாது... உங்களுக்கும் அவனுக்கும் பகை உண்டா?

எலோடியா: இல்ல.

இட்செல்: பிள்ளைங்க?

எலோடியா: இல்லன்னு எழுதிக் குடுத்தேனே.

இட்செல்: அப்புறம் எதுக்கு ‘சுட்டுராதீங்க, உயிரோட புடிங்க’ன்னு அவனைப் புடிக்கப் போன கடற்படைக்காரங்ககிட்ட சத்தியம் வாங்குனீங்க? அவன் மேல பாசமா?

எலோடியா: ...ஒரு உசுரு போகக் கூடாதுன்னுதான்.

இட்செல்: உங்களுக்குப் பொய் சொல்ல வரல.

எலோடியா: உனக்கு மட்டும் வருதாக்கும்? வந்ததுலேருந்து என் மூஞ்சியப் பாக்கல நீ. என்னம்மா? சொல்லு.

இட்செல்: விசாரணையே கிடையாது. காலையில குத்தத்தை ஒத்துக்கிட்டான். கூட்டாளிங்க பேரு, சரக்கு போற வழி, எல்லாத்தையும் கக்கிட்டான். பதிலுக்குத் தண்டனையக் குறைக்கிறாங்க. சாட்சிங்க வேணாமாம்.

எலோடியா: அப்ப இவ்வளவு நேரம் என்னைய எதுக்குப் பேச வச்ச?

இட்செல்: சொல்ல வாய் வரல. ரெண்டு வருச உழைப்பு, ஒரே கையெழுத்துல குப்பைக்குப் போச்சு. பத்திக்கிட்டு வருது எனக்கு.

எலோடியா: எல்லாத்தையும் சொன்னான்னியே... அவன் கொன்ன ஆளுங்கள எங்க புதைச்சான்னு கேட்டாங்களா?

இட்செல்: அது அவங்களுக்குத் தேவைப்படல. ஏன்?

எலோடியா: செத்தவன் வாயத் தொறக்க மாட்டான்னுதான் உயிரோட புடிக்கச் சொன்னேன். நாலு வருசமா மண்ணுல கம்பியக் குத்திக் குத்தி, பொண வாடை வருதான்னு மோந்து பாக்குறேன்... என் மவன் நிகானோர் எங்க கெடக்கான்னு அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.