இரண்டு ஏஸ் கையில் இருக்கும்போது

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பாத்திரம் கழுவப்போவது யார் என்பதைச் சீட்டுக்கட்டுதான் முடிவு செய்யும். காசு வைத்து ஆட அக்கா விடமாட்டாள். பழைய சட்டைகளிலிருந்து வெட்டியெடுத்த பொத்தான்களை ஆளுக்கு ஒரு குவியலாகப் பிரித்துத் தருவாள். யாருடைய குவியல் முதலில் காலியாகிறதோ அவருக்குப் பாத்திரம். அக்கா, அவள் கணவர், நான், எதிர்வீட்டு லாரி டிரைவர் என்று நான்கு பேர். டிரைவர் ஓயாமல் பேசுவார். அதனால் அக்கா அவருக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆடுவது போக்கர். உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். பிறகு மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். இடையிடையே பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், விலகலாம். இப்போதைக்கு ஒன்றும் கட்டாமல் அடுத்தவருக்கு விடுவதென்றால் விரல் முட்டியால் மேஜையை இரண்டு முறை தட்டினால் போதும். வாய் திறக்க வேண்டியதில்லை. முதலில் வரும் இரண்டுமே ஏஸ் என்றால் அதைவிடப் பெரிய தொடக்கம் கிடையாது. அந்தக் கையை எப்படி ஆட வேண்டும் என்பதில்தான் எனக்கும் மச்சானுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

மச்சான் ஏஸ் ஜோடி வந்த மறுகணமே குவியலில் பாதியை நடுவில் தள்ளிவிடுவார். எல்லோரும் பயந்து விலகுவார்கள். கிடைப்பது நாலைந்து பொத்தான்கள். அதில் அவருக்குத் திருப்தி. எனக்கும் பாடம் எடுப்பார்.

"நல்ல கையை வச்சுக்கிட்டுச் சும்மா தட்டிட்டு உக்காந்திருந்தா, கண்டவங்களும் ஓசியில உள்ள வந்துடுவாங்க மாப்ள. வந்தவங்களுக்கு ஏதாவது சீட்டு விழும். அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல."

நான் நேர்மாறு. நான் தட்டுவேன். அடுத்த சுற்றிலும் தட்டுவேன். எதிரில் இருப்பவருக்குத் தைரியம் வந்து, அவராகவே பொத்தான்களைக் கொண்டுவந்து நடுவில் கொட்டுவார். அவரை நான் தள்ளவில்லை, இழுக்கவில்லை. அவராக வந்தார். அந்த எண்ணத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

பலமுறை தோற்றிருக்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை. தோற்கடித்தவள் பெரும்பாலும் அக்கா. அவளுக்கு ஆட்டமே சரியாகத் தெரியாது. நான் தட்டியதைப் பார்த்து, "சும்மாதானே, நானும் இருக்கேன்" என்று ஒரு இரண்டையும் ஒரு ஏழையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசிச் சீட்டுகளில் இரண்டு ஏழு விழுந்துவிடும். நான் ஏஸ்களைத் திருப்பிக் காட்டும்போது, "இவ்வளவு நேரம் இதைத்தான் அடைகாத்துக்கிட்டிருந்தியா? குஞ்சு பொரிச்சிருச்சா?" என்பாள். வாயில்லாப்பூச்சி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போவார்.

நாங்கள் மூவரும் ஒரே குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தோம். மச்சான் மேற்பார்வையாளர். அக்கா பேக்கிங் பிரிவு. நான் மெக்கானிக். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். அவள் கல்யாணத்துக்கு முன்பும் அவளோடுதான் இருந்தேன், பின்பும் அவளோடுதான் இருந்தேன். மச்சான் அதற்கு முகம் சுளித்ததே இல்லை. அவர் நல்லவர். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவருக்கு வேறொரு ஊரில் மேலாளர் வேலை வந்தது. அங்கே நிறுவனம் தரும் வீட்டில் ஒரே ஓர் அறை. அக்கா இதையெல்லாம் தோசைக்கு மாவு கரைப்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். "உனக்கு இங்க வேலை இருக்கு, வீடு இருக்கு. இனிமேலாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு. எத்தனை நாளைக்குடா என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே திரிவே" என்று கன்னத்தில் செல்லமாகத் தட்டினாள். அப்புறம் ஜன்னல் திரைச்சீலைகளைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தாள். மடிக்கும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அவள் போவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த முணுமுணுப்புதான் பெரிதாகத் தெரிந்தது.

இனி கதவு. உறைகுளிர் அறையின் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் திறக்க, உட்பக்கம் ஒரு குமிழ் உண்டு. உள்ளங்கையால் அழுத்தினால் கொக்கி விலகும். ஒரு சனிக்கிழமை காலை கதவைச் சோதித்தபோது, குமிழுக்குப் பின்னாலிருந்த கம்பி முறிந்திருந்தது. அழுத்தினால் குமிழ் உள்ளே போகிறது, கொக்கி அசையவில்லை. அப்படி இருந்தால் உடனே வெளியே சிவப்புப் பலகை மாட்ட வேண்டும். பலகை என் பையில்தான் இருந்தது.

நான் எதையும் உடைக்கவில்லை. அது உடைந்த நிலையில் என் கைக்கு வந்தது. எனக்கு மட்டும் தெரிந்தது. நான் தட்டினேன், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு ஆபத்து வராது என்பதையும் யோசித்தேன். காலை முழுவதும் தள்ளுவண்டிகள் போய்வரும், கதவுக்குக் கட்டை கொடுத்திருப்பார்கள். சனிக்கிழமை அரைநாள். எல்லோரும் கிளம்பிய பிறகு, அடுக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க மச்சான் மட்டும் தனியாக உள்ளே போவார். உள்ளே கைபேசி வேலை செய்யாது. உள்ளிருந்து அடிக்கும் மணி செத்துப்போய் நெடுநாள் ஆகிறது, அதை நான் பலமுறை மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் தன் தொப்பியை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார். தொப்பியைப் பார்த்தாலே உள்ளே ஆள் இருக்கிறார், யார் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். மச்சானுடையது பழுப்புக் கம்பளித் தொப்பி, ஓரத்தில் பச்சைக் கரை. அக்கா பின்னியது.

கிடங்கு காலியான பிறகு அந்த நடைவழியாகப் போனேன். ஆணியில் பச்சைக் கரைத் தொப்பி. கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கதவு கனமானது, அதனால் குரல் கேட்காது. தட்டுவது மட்டும், யாரோ மேஜையில் தட்டுவதுபோல, மெலிதாகக் கேட்டது.

நானும் முட்டியால் இரண்டு முறை தட்டினேன். பழக்கதோஷம். உள்ளே தட்டுவது நின்றது.

அது ஏன் நின்றது என்று அப்போது யோசிக்கவில்லை. யாரோ கேட்டுவிட்டார்கள், இனித் திறந்துவிடுவார்கள் என்ற நிம்மதியில் நின்றிருக்கும்.

வாசலில் டீக்கடை. வாயில்லாப்பூச்சி அங்கே நின்று, மலைப்பாதையில் டயர் கழன்று லாரிக்கு முன்னால் உருண்டுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு டீ வாங்கினேன். பாதி குடிப்பதற்குள், எதிரில் அலுவலகப் பக்கமிருந்து மச்சான் நடந்துவந்தார். வெறுந்தலை. கழுத்தில் துண்டு. மூக்கு சிவந்திருந்தது.

"சளி பிடிச்சு ஆளை உருட்டுது மாப்ள. இந்த லட்சணத்துல உள்ள போகக்கூடாதுன்னு உங்கக்கா என் கோட்டைப் பிடுங்கி மாட்டிக்கிட்டுத் தானே போயிட்டா. என் தொப்பிகூட அந்தக் கோட்டுப் பையிலதான். பார்த்தியா அவளை?"

கதவு அங்கிருந்து கூப்பிடு தூரம். நீங்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பொறுமையாகச் சொல்கிறேன். நான் ஓடியிருந்தால் மச்சான் பின்னால் ஓடிவருவார். ஏன் ஓடினாய் என்று கேட்பார். கதவு கெட்டிருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். என் சீட்டுகள் இரண்டும் திரும்பிவிடும். கொஞ்சம் பொறுத்தால் அவராகவே தேடிப் போவார், அவராகவே திறப்பார். அதுதான் இயல்பாக இருக்கும்.

"இல்லையே மச்சான்" என்றேன். "அக்கா வீட்டுக்குப் போயிருக்கும்."

அவர் ஒரு டீ சொன்னார். வாயில்லாப்பூச்சியிடம், டயர் கடைசியில் எங்கே போய் நின்றது என்று நானே கேட்டேன். அது ஒரு கல்யாணப் பந்தலுக்குள் புகுந்துவிட்டதாம். மச்சான் சிரித்தார், நானும் சிரித்தேன். இன்னொரு டீ வாங்கினேன். மச்சான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது முற்றத்தில் வெயில் இறங்கியிருந்தது. கதவைத் திறந்தது அவர்தான். நான் கருவிப் பையோடு பின்னால் நின்றேன். அக்கா கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள்.

விபத்து என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். உங்களுக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் தானாகவே சீட்டுக்கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டே பேர். எனக்கு என்ன சீட்டு வந்தது என்று நினைவில்லை. அவர் தன் சீட்டைப் பார்க்கவே இல்லை. முட்டியால் மேஜையை மெதுவாகத் தட்டினார், நிறுத்தினார், மறுபடி தட்டினார்.

"அவ தட்டியிருப்பா இல்ல மாப்ள?" என்றார். "ஒருத்தர் காதுலயும் விழாம போச்சே."

ஆறுதலாக இருக்குமென்று நினைத்துத்தான் சொன்னேன்.

"விழுந்துச்சு மச்சான். நான் பதிலுக்குத் தட்டினேன்."

அவர் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். உங்களோடு திரும்பி வந்தார். அந்த ஊர் வேலை வேண்டாமென்று அக்காவின் காரியம் முடிந்த கையோடு அவர் சொல்லிவிட்டார், அது உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. அக்கா மடித்துவைத்த திரைச்சீலைகளை நானே எடுத்து மறுபடி ஜன்னலில் மாட்டினேன். வீடு பழையபடி இருக்கிறது. கடைசியில் யாரும் எங்கேயும் போகவில்லை.